நாற்பதைக் கடந்தபின் உள்ளக வடிவமைப்பு: கொழும்பில் இரண்டாவது தொழிலாகத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவாக இருந்தது. அவர் கதவோடு சாய்ந்து கிடந்தார். வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி. நானும் தம்பியும் மாறி மாறித் தள்ளியும் ஒரு சாண் இடைவெளிகூடக் கிடைக்கவில்லை. பிணைச்சல்கள் உள்பக்கம் இருந்ததால் கழற்றவும் வழியில்லை. கதவுப் பலகையை உடைத்துத்தான் அவரைத் தூக்கினோம். கை வீக்கத்தோடு போயிற்று, கடவுள் புண்ணியம்.

எனக்கு அப்போது 44 வயது. 19 வருடங்களாக ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை. வீட்டுக் கடன் கோப்புகளில் எத்தனையோ வீட்டு வரைபடங்கள் என் கையால் போயிருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூடக் குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் கதவுகளிலும் படிகளிலும் சுவிட்சுகளிலும் போய் நின்றது. இரண்டு வருடம் மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் படித்துவிட்டு வேலையை விட்டேன். இன்று இதுவே என் தொழில்.

நடுவயதில் இதற்குள் வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் வீடுகளில் வாழ்ந்த வருடங்கள்தான் உங்கள் முதல். பிள்ளை வளர்த்தது, முதியவரைப் பராமரித்தது, வாடகை வீடு மாறியது, இரவு பத்து மணிக்குக் குசினியைத் துடைத்தது எல்லாம் அதில் சேரும். 22 வயதுப் பட்டதாரிக்கு மென்பொருள் உங்களைவிட நன்றாக வரும். முழங்கால் வலிக்காரர் கட்டிலிலிருந்து எப்படி எழுகிறார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவை அளவாகவும் கோடாகவும் எழுத்தாகவும் மாற்றப் பழக வேண்டும். கீழே வரும் படிகள் அதற்கானவை.

முதலில், இது என்ன வேலை

உள்ளக அலங்காரம் வேறு, உள்ளக வடிவமைப்பு வேறு. திரைச்சீலை, நிறம், மெத்தை உறை, படம் மாட்டுவது ஆகியவை அலங்காரம். வடிவமைப்பு என்றால் அறையின் பயன்பாட்டையே திட்டமிடுவது: அலுமாரி எங்கே, கதவு எப்பக்கம், மின்செருகி எத்தனை, குசினி மேசை எவ்வளவு உயரம், வெளிச்சம் எங்கிருந்து. இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களே இங்கு அதிகம். அதில் தவறில்லை. ஆனால் எதற்குக் காசு வாங்குகிறீர்கள் என்பதில் உங்களுக்கே தெளிவு வேண்டும்.

கட்டடக் கலைஞர் என்ற பெயர் சட்டப்படி பதிவு பெற்றவர்களுக்கே உரியது. சுவரை இடிப்பது, தூணைத் தொடுவது, வெளி யன்னலைப் பெரிதாக்குவது போன்றவை நம் கையெழுத்தில் நடக்கக்கூடாதவை. கொழும்பில் கட்டட மாற்றங்களுக்கு மாநகர சபையின் அனுமதியும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளும் உண்டு. தொடர்மாடி வீடுகளுக்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையும் இருக்கின்றன. ஒரு தொடர்மாடியில் வேலை தொடங்குமுன் அங்குள்ள முகாமைத்துவக் குழுவிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: எந்தச் சுவர்கள் பாரம் தாங்குபவை, துளையிடும் இயந்திரத்துக்கு எந்த நேரம் அனுமதி, பலகைகளை லிப்டில் ஏற்றலாமா. மூன்றாவது கேள்வி அற்பமாகத் தோன்றும். 8 அடிப் பலகைகளை ஏழாம் மாடிக்குப் படியில் சுமக்க வைத்தால் கூலி என்னவாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

படி 1: சொந்த வீட்டை அளந்து வரையுங்கள்

வகுப்பில் சேருமுன், காசு கட்டுமுன், இதைச் செய்யுங்கள். ஒரு நல்ல 5 மீற்றர் அளவுநாடா, கட்டம் போட்ட கொப்பி, பென்சில் போதும்.

அளவுநாடாவின் நுனியிலுள்ள கொக்கி சற்று ஆடும். பழுது என்று நினைத்து ஆணியை இறுக்கிவிடாதீர்கள். கொக்கியின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு தூரம் அது ஆட வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். விளிம்பில் மாட்டி இழுத்தாலும் சுவரில் முட்டி அளந்தாலும் அளவு சரியாக வருவது அதனால்தான்.

ஒரு சுவரை ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். தரையோடு, இடுப்பு உயரத்தில், தலைக்கு மேலே என மூன்று இடங்களில் அளவெடுங்கள். கொழும்பின் பழைய வீடுகளில் மூன்றும் ஒன்றாக இருந்தால் அது அதிசயம். சுவருக்குள் அலுமாரி பொருத்துவதானால் மூன்றில் சிறிய அளவே உங்கள் அளவு. பிறகு அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளவெடுங்கள். நீள அகலங்கள் எதிரெதிரே ஒத்திருந்தும் மூலைவிட்டங்கள் சமமாக இல்லையென்றால் அறை கோணியிருக்கிறது. தரைஓடு பதிக்கும்போது சுவரோரத்தில் அந்தக் கோணல் முகத்தில் அடித்தாற்போல் தெரியும்.

இதை 1:50 அளவுத்திட்டத்தில் வரையுங்கள். ஓர் அடி ஏறத்தாழ 6 மில்லிமீற்றராகும், 12 அடி அறை 7.3 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். கடைகளும் தச்சர்களும் அடி அங்குலத்தில் பேசுவார்கள், இறக்குமதியாகும் பொருத்துகளும் கட்டடக் கலைஞர்களின் வரைபடங்களும் மில்லிமீற்றரில் இருக்கும். இரண்டிலும் மனம் தடுக்காமல் போய்வரப் பழகுங்கள். எனக்கு இதற்கே மூன்று மாதம் பிடித்தது.

அளந்த பிறகு வீட்டில் இருப்பவர்களை அளவெடுங்கள். குசினி மேசை பொதுவாக 34 முதல் 36 அங்குல உயரம் வைப்பார்கள். வெட்டுவதற்கும் பிசைவதற்கும் ஏற்ற உயரம் முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே. 5 அடி உயரமுள்ள அம்மா ஒருவருக்கு அது 32 முதல் 34 அங்குலம்தான் வரும். 36 அங்குல மேசையில் முப்பது வருடம் தேங்காய்ச் சம்பல் அரைத்த தோள்பட்டை எப்படி வலிக்கும் என்று நம் வீடுகளில் கேட்டால் சொல்வார்கள். உடுப்பு அலுமாரிக்கு 24 அங்குல ஆழம், சாப்பாட்டு மேசைக்கு 30 அங்குல உயரம், கதிரை இருக்கைக்கு 18 அங்குலம், ஒருவர் தாராளமாக நடக்க 36 அங்குல வழி. இந்த எண்கள் ஒரு வருடத்துக்குள் வாய்ப்பாடு போல் வர வேண்டும்.

படி 2: வேலையை விடுமுன் காசுக் கணக்கு

வங்கியில் இருந்தவள் என்பதால் இதில் நான் கண்டிப்பானவள். ஒரு வருட வீட்டுச் செலவு கையில் இல்லாமல் வேலையை விட வேண்டாம். இந்தத் தொழிலில் முதல் வருட வருமானம் மாதச் சம்பளம் போல் வராது. இரண்டு மாதம் ஒன்றும் இல்லாமல், மூன்றாம் மாதம் சேர்ந்து வரும்.

ஊழியர் சேமலாப நிதியை நம்பித் திட்டம் போடுபவர்கள் வயதைக் கவனியுங்கள். வேலையை விட்டு நின்று அந்தப் பணத்தைப் பெறப் பெண்களுக்கு 50 வயதும் ஆண்களுக்கு 55 வயதும் ஆகியிருக்க வேண்டும். 43 வயதில் விலகினால் அந்தப் பணம் ஏழு அல்லது பன்னிரண்டு வருடம் அங்கேயே கிடக்கும். அத்தோடு நின்றுபோவதையும் கணக்கில் எடுங்கள்: உங்கள் 8 வீதத்தோடு முதலாளி கட்டிவந்த 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் இனி வராது. சொந்தத் தொழிலில் அந்தச் சேமிப்பை நீங்களே செய்ய வேண்டும்.

கணவனோ மனைவியோ இருந்தால் இந்தக் கணக்கை மேசையில் விரித்து இருவரும் சேர்ந்து பாருங்கள். ரகசியமாகத் தொடங்கி வெற்றி கண்டபின் சொல்லலாம் என்ற எண்ணம் வேண்டாம். பிள்ளைகளின் வகுப்புக் கட்டணம் இருக்கும் வீட்டில் அது நியாயமும் அல்ல.

படி 3: படிப்பு

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது. ஆனால் அது உயர்தரப் பரீட்சை முடித்து வரும் பிள்ளைகளுக்கான முழுநேர வழி. அகடமி ஒஃப் டிசைன் போன்ற தனியார் நிறுவனங்களில் உள்ளக வடிவமைப்பைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். நேரமும் காசும் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரையான சான்றிதழ் அல்லது டிப்ளோமா, அதுவும் வார இறுதியில்.

நிறுவனத்தைத் தெரிவு செய்யும்போது அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, அந்தப் பாடநெறி தேசிய தொழிற்தகைமையில் எந்த மட்டம் என்று கேளுங்கள். 1 முதல் 7 வரை மட்டங்கள் உண்டு. 5, 6 டிப்ளோமா நிலை, 7 பட்டத்துக்குச் சமம். மட்டம் சொல்லாத பாடநெறி கெட்டது என்று பொருளல்ல. ஆனால் என்ன வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று: மாணவர்கள் வேலை நடக்கும் வீடுகளுக்குப் போவார்களா? திரையில் படம் காட்டி முடித்துவிடும் வகுப்புக்குப் போகாதீர்கள்.

மென்பொருளில் ஸ்கெச்சப் முதலில், ஆட்டோகாட் பிறகு. முப்பரிமாணத்தில் அறையைக் காட்டினால் வாடிக்கையாளருக்கு உடனே புரிகிறது. தச்சருக்குத் தேவைப்படுவது அளவு எழுதிய நேர்க்கோட்டு வரைபடம். வயது காரணமாக இது வராது என்று பயப்பட வேண்டாம், மெதுவாக வரும், ஆனால் வரும். கண்ணுக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். நாற்பதுகளின் நடுவில் கிட்டப் பார்வை தளர்வது எல்லோருக்கும் நடப்பது. அளவுநாடாவின் சிறு கோடுகளைத் தூசிக்குள் நின்று படிக்க வேண்டிய தொழில் இது. வாசிப்புக் கண்ணாடி ஒன்றைக் கயிற்றில் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

படிக்கும் காலத்தில் மனம் சோர்ந்தால் ஜெப்ரி பாவாவை நினையுங்கள். 1919இல் பிறந்தவர், சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்தவர். கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல், 38 வயதில். கொழும்பு 3, பகத்தல வீதி 33ஆம் ஒழுங்கையிலுள்ள அவருடைய வீட்டை முன்பதிவு செய்து பார்க்கலாம். நான்கு சிறு வரிசை வீடுகளை வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக வாங்கி இணைத்தது அது. ஒடுக்கமான நிலத்தில் சிறு முற்றங்களை மேலே திறந்துவிட்டு வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே இறக்கியிருப்பதைப் பாருங்கள். பக்கச் சுவர்கள் ஒட்டி நிற்கும் கொட்டாஞ்சேனை வீடொன்றில் நான் முதன்முதலாக இருட்டு நடு அறையைச் சந்தித்தபோது எனக்கு உதவியது பாவாவின் வீட்டில் நான் நின்று பார்த்த ஒரு மணி நேரம்தான்.

படி 4: கடையிலும் பட்டறையிலும் கை பழகுதல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். அவர்கள் வரைவது அழகாக இருக்கும், செய்ய முடியாததாக இருக்கும்.

வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளில் பிணைச்சல், லாச்சித் தண்டவாளம், கைப்பிடி ஆகியவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்பொருள்கள், இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி. வாங்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். மதியம் இரண்டு மணிக்குச் சந்தடி குறைந்த நேரத்தில் போனால் கடைக்காரர்கள் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள். எந்தப் பிணைச்சல் திரும்பி வருகிறது, எந்தத் தண்டவாளத்தை யாரும் குறை சொல்வதில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு 101ஆம் இலக்க பஸ் ஏறி மொரட்டுவைக்குப் போங்கள். தளபாடத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு ஒரு நாள் முழுவதும் ஓரமாக உட்கார்ந்திருங்கள். தேக்கும் பலாவும் மஹோகனியும் இழைக்கும்போது மணமே வேறு. பலா புதிதாக இழைக்கும்போது மஞ்சளாக இருந்து நாளாக ஆகப் பழுப்பாக மாறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் வாடிக்கையாளருக்கு நிறத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல முடியும்.

பலகைகளைப் பற்றி ஒன்று. ப்ளைவுட், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), மெலமைன் (வழவழப்பான மேற்பூச்சு ஒட்டிய பலகை) எல்லாம் பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடித் தாளாக வரும். 24 அங்குல ஆழ அலுமாரி என்று எழுதினால் ஒரு தாளில் இரண்டு துண்டு வரும் என்று தோன்றும். வாளின் வாய் ஏறத்தாழ 3 மில்லிமீற்றரைத் தின்றுவிடும். இரண்டாவது துண்டு 24 வராது. ஆழத்தை 23¾ அங்குலம் என்று எழுதுங்கள், தாள் வீணாகாது. 24¼ என்று எழுதினால் ஒவ்வொரு தாளிலும் பாதி கழிவாகப் போகும். ஒரு பான்ட்ரி கபட் வேலையில் இது நான்கைந்து தாள் வித்தியாசம்.

எம்.டி.எஃப். தண்ணீர் பட்டால் ஊதும், ஊதியது திரும்பாது. குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள பெட்டிக்கு நீர் தாங்கும் ப்ளைவுட்டைத் தவிர வேறெதையும் நான் எழுதுவதில்லை. விலை கூடினால் கதவின் அழகைக் குறைக்கலாம், அந்தப் பெட்டியில் குறைக்கக்கூடாது.

படி 5: கொழும்பின் காற்றையும் மழையையும் படியுங்கள்

காலி வீதியின் கடல் பக்கத்தில் வேலை செய்வதானால் உப்புக் காற்றுதான் உங்கள் முதல் எதிரி. சாதாரண இரும்புப் பிணைச்சல் இரண்டே வருடத்தில் துருப்பிடித்து வெள்ளைக் கதவில் பழுப்புக் கோடு வழியும். துருப்பிடிக்காத உருக்கில் 304 என்றும் 316 என்றும் தரம் உண்டு. 316இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். பல்கனிக் கைப்பிடிக்கும் கடலைப் பார்த்த யன்னல் பொருத்துகளுக்கும் 316 என்று எழுத்தில் கேளுங்கள்.

கடல் பக்கம் மேற்குப் பக்கம். பின்னேர வெயில் நேரே ஹோலுக்குள் வரும். கடலைக் காட்ட வேண்டும் என்று சோபாவை யன்னலுக்கு எதிரே போட்டால் நாலு மணிக்கு யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். சோபாவைப் பக்கச் சுவரோடு வைத்தால் கடலும் தெரியும், கண்ணும் கூசாது.

தென்மேற்குப் பருவ மழை மே முதல் செப்ரெம்பர் வரை. அந்த ஈரத்தில் மரம் ஊதும், வார்னிஷ் காயாமல் பால் படிந்தாற்போல் வெளுக்கும். மினுக்கு வேலையை பெப்ரவரி, மார்ச்சில் வையுங்கள். முடியாவிட்டால் மழைவிட்ட நாளுக்காகக் காத்திருக்கும் அவகாசத்தைத் திட்டத்தில் எழுதுங்கள்.

பொய்க்கூரை கேட்பவர்களிடம் முதலில் மின்விசிறியைப் பற்றிப் பேசுங்கள். 9 அடி உயர அறையில் கூரையை ஓர் அடி இறக்கி அதற்குக் கீழே விசிறியைத் தொங்கவிட்டால் இதழ் 7 அடிக்கு வந்துவிடும். கட்டிலில் நின்று துள்ளும் பிள்ளை இருக்கும் வீட்டில் அது ஆபத்து.

மின்செருகிகளை எண்ணுவதில் தாராளமாக இருங்கள். 13 அம்பியர் செருகி ஒன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ 3000 வாற்று மட்டுமே தாங்கும். கேத்தலும் ரைஸ் குக்கரும் ஒரே நீட்டுக் கம்பியில் ஓடும் குசினிகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். குசினி மேசைக்கு மேல் ஆறு செருகியாவது கேளுங்கள். இணைப்பை உரிமம் பெற்ற மின் தொழிலாளரே செய்யட்டும்.

படி 6: பாஸ்மாரோடு ஒரே மொழியில் பேசுதல்

கொழும்பில் மேசன் பாஸும் தச்சு பாஸும் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள். சிங்களம் தடுமாறுகிறவர்கள் இதை எண்ணிப் பயப்படுவதை அறிவேன். வீட்டு உறுப்புகளைப் பொறுத்தவரை இரு மொழியும் பாதிக்கு மேல் ஒன்றுதான். நாம் அடி என்பதை அவர்களும் அடி என்பார்கள், அங்குலம் அவர்களுக்கு அங்கல். நம் அலுமாரி அவர்களுக்கு அல்மாரிய, யன்னல் ஜனேலய, மேசை மேசய, குசினி குஸ்ஸிய. இவை போர்த்துக்கேயரிடமிருந்து இரு வீட்டுக்கும் வந்தவை. லாச்சி லாச்சுவ ஆகிறது, அதுவும் பாஸ் என்ற சொல்லும் ஒல்லாந்தர் விட்டுப்போனவை. இந்த வேர்களைப் பிடித்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் வேலைத்தளச் சிங்களம் வந்துவிடும்.

எனினும் அளவை வாயால் சொல்லாதீர்கள், எந்த மொழியிலும். எழுதிக் கொடுங்கள், ஒரு பிரதியைச் சுவரில் ஒட்டுங்கள். என் இரண்டாவது வேலையில் குளிர்சாதனப் பெட்டிக்கான மாடத்தை நான் சாந்து பூசுமுன் அளந்தேன். இரண்டு பக்கமும் சாந்தும் அதன்மேல் சுவர்ஓடும் ஏறியபின் ஒன்றரை அங்குலம் குறைந்துவிட்டது. பெட்டி நுழையவில்லை. பதித்த ஓட்டைப் பெயர்க்கும் செலவை நான் ஏற்றுக்கொண்டேன், ஏனென்றால் பிழை என்னுடையது. அதிலிருந்து என் வரைபடங்களில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் “பூசுமுன்” அல்லது “பூசியபின்” என்று எழுதுகிறேன். நீங்கள் முதல் வரைபடத்திலிருந்தே அப்படி எழுதுங்கள்.

வயதில் மூத்த பாஸ் ஒருவர் உங்கள் வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டினால் நிறுத்திக் கேளுங்கள். “மிஸ், இந்தக் கதவு திறந்தால் அந்த லாச்சி திறக்காது” என்று ஒருவர் ஒருமுறை சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. நாற்பது வருடம் மரத்தோடு வாழ்ந்தவர் சொல்வதைக் கேட்க நடுவயதுக்காரருக்கு வெட்கம் இருக்கக்கூடாது.

படி 7: முதல் வாடிக்கையாளரும் எழுத்தும்

முதல் வேலை சொந்தக்காரரிடமிருந்து வரும். அதை இலவசமாகச் செய்யாதீர்கள். குறைந்த கட்டணம் வாங்கலாம், ஆனால் வாங்குங்கள், எழுத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். மாமிக்கு எப்படிக் கடிதம் நீட்டுவது என்று கூச்சமாக இருக்கும். எழுத்து இல்லாமல் கெட்ட உறவுகளை நான் பார்த்திருக்கிறேன், எழுத்து இருந்து கெட்டதைப் பார்த்ததில்லை.

ஒரு பக்கக் கடிதம் போதும். என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன், எத்தனை முறை வரைபடத்தை மாற்றித் தருவேன், கட்டணம் எந்தெந்தக் கட்டத்தில், வேலை நடுவில் நின்றால் என்ன. நான் வடிவமைப்புக் கட்டணத்தையும் வேலைச் செலவையும் பிரித்தே எழுதுகிறேன். கடைகள் தரும் தரகுக்காசை வாங்குவதில்லை. வாங்குகிறவர்கள் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். மறைத்து வாங்கினால் நீங்கள் கடையின் ஆளாகிவிடுகிறீர்கள்.

விலைமனுவில் அது எத்தனை நாள் செல்லும் என்று எழுத மறக்காதீர்கள். 2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் தரைஓடும் குளியலறைப் பொருள்களும் அகப்பட்டன. 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. அந்த நாட்களில் விலை சொல்லி ஒப்புக்கொண்டவர்கள் சொந்தக் காசில் வேலையை முடித்தார்கள். நான் 14 நாள் என்று எழுதுகிறேன். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். கடைக்காரர் சொல்லும் விலை அது சேர்ந்ததா சேராததா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து வாட்ஸ்அப்பில் வேலை தரும் பிள்ளைகள் நம் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதி. வீட்டில் இருக்கப்போவது அப்பாவும் அம்மாவும். படத்தில் கண்ட பளபளப்பான வெள்ளைத் தரையைப் பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் பெற்றோரோடு ஒரு பின்னேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, அவர்கள் இரவில் எத்தனை முறை எழுகிறார்கள், எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு எழுதுங்கள்.

நடுவயதில் வருகிறவருக்கு முதியவர்களுக்கான வீடுகளை வடிவமைப்பதே சிறந்த துறை என்பது என் உறுதியான எண்ணம். முதியவர்கள் தனியாக வாழும் தொடர்மாடி வீடுகள் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் பம்பலப்பிட்டியிலும் நிறைந்திருக்கின்றன. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். திறந்தபின் 32 அங்குலத் தெளிவான வழி இருந்தால் சக்கர நாற்காலி போகும், அது திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலத்தில், சுவரில் நன்றாக ஊன்றியதாக இருக்கட்டும். துவாய் தொங்கவிடும் கம்பி ஆளைத் தாங்காது. கழிப்பிட இருக்கை 17 முதல் 19 அங்குலம் உயரமிருந்தால் முழங்காலுக்குச் சுகம். குளிக்கும் இடத்துக்கும் வெளிக்கும் இடையே படி வேண்டாம், சரிவு போதும். படுக்கையிலிருந்து குளியலறை வரை தரையோரம் மங்கலான மஞ்சள் வெளிச்சம், 2700 கெல்வின் அளவில். இவற்றை ஆஸ்பத்திரி போல் தெரியாமல் செய்வதில்தான் நம் கைத்திறன் இருக்கிறது.

படி 8: பதிவு

தனி ஆளாகத் தொடங்குவதானால் வியாபாரப் பெயரைப் பதிவு செய்வது போதும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் தேவைப்படும். வரி இலக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் தனி வங்கிக் கணக்கைத் திறந்து, வாடிக்கையாளரின் பொருட்காசை வீட்டுக் காசோடு கலக்காதீர்கள். கம்பனியாகப் பதிவு செய்வது வேலை பெருகியபின் யோசிக்க வேண்டியது.

படி 9: நாட்காட்டி

நம் வாடிக்கையாளர்கள் பால் காய்ச்சும் நாளைச் சோதிடரிடம் குறித்துவிட்டுத்தான் உங்களிடம் வருவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் குடிபுக மாட்டார்கள். ஆகவே ஆவணிக்கும் தைக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் அவசரப்படுவார்கள். ஏப்ரல் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும் பாஸ்மார் 14ஆம் திகதிக்கு ஒரு வாரம் முன்னே போய் ஒரு வாரம் பின்னேதான் வருவார்கள். மாதந்தோறும் போயா நாளில் வேலையில்லை. நாள் குறித்த வேலைக்கு நான் கடைசி இரண்டு வாரங்களை வெறுமையாக விடுகிறேன். சாமியறையை முதலில் முடித்துவிடுகிறேன். ஏதாவது தாமதமானாலும் விளக்கேற்றிப் பால் காய்ச்ச இடம் இருக்கும்.

வேலையை ஒப்படைத்தபின்

கடைசித் தவணையை வாங்கியதோடு கொப்பியை மூடாதீர்கள். ஒரு மழைக்காலம் முடிந்தபின், அக்டோபரில் ஒரு நாள், சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள். எந்த லாச்சி இறுகியிருக்கிறது, எந்தப் பிணைச்சலில் துரு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஈரமா, நீங்கள் கணக்குப் போட்டு வைத்த செருகிகளில் எவற்றை யாரும் தொடவே இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் நீங்கள் வைத்த கதிரையை எந்த இடத்துக்கு நகர்த்தியிருக்கிறார் என்பதையும் வரைந்துகொள்ளுங்கள். என்னிடம் அப்படி இப்போது பதினொரு வீடுகளின் குறிப்புகள் இருக்கின்றன. புதிய வீட்டுக்குக் கோடு போடுமுன் அந்தக் கொப்பியைத்தான் முதலில் திறக்கிறேன்.